கல்மரமும் கடலைமிட்டாய்ப் பெட்டியும்

இரண்டு கோடி வருஷம் பழைய மரம் ஒன்றின் மேல் நான் உட்கார்ந்திருக்கிறேன். வேண்டுமென்று இல்லை. நகராட்சிப் பூங்காக்களில் மரக்கட்டை மாதிரியே சிமெண்டில் பெஞ்சு கட்டி, பழுப்புச் சாயம் அடித்து வைத்திருப்பார்களே, அப்படி ஒன்று என்று நினைத்துவிட்டேன். முதுகுவலிக்கு இதமாக இருந்தது. கண்ணை மூடி, காலைக்கூட நீட்டினேன்.

இதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் பஸ்ஸில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கல்மரம் என்றால் என்ன, அதை ஏன் விரலால்கூடத் தொடக்கூடாது என்று முப்பது சொச்சம் பெண்களுக்கு விளக்கிவிட்டு இறங்கியிருந்தேன். அந்த முப்பது சொச்சம் பேரும் அரைவட்டமாக நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. நான் ஏதோ செய்து காட்டுகிறேன் என்று நினைத்திருக்கிறார்கள்.

விசில் சத்தம் கேட்டது. காக்கிச் சட்டைக் காவலர் ஒருவர் வேலிப்பக்கமிருந்து ஓடிவந்தார். "யோவ் பெரியவரே, எய்ந்திரு" என்றார். எனக்கு அப்போது ஐம்பதைத் தாண்டிக் கொஞ்சந்தான். விசிலைவிட அந்தப் 'பெரியவரே' தான் அதிகம் குத்தியது.

சுற்றுலா நடத்தும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளே, தங்கைகளே, பெர்மிட், டோல், ரூம், சாப்பாடு பற்றியெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் உங்கள் கையில் இருக்கிற போன் என்னைவிட நன்றாகச் சொல்லும். போன் சொல்லாத ஒன்றைத்தான் எழுதுகிறேன்: வண்டி நிறைய ஆட்களோடு வசமாக மாட்டிக்கொள்ளும்போது மண்டைக்குள் என்ன நடக்கிறது என்பதை. கோவில்பட்டியில் இத்தனை வருஷம் பஸ் விட்டதில் எனக்கு மிஞ்சியது தேய்ந்த முதுகெலும்பும் இந்த மாதிரி சில அனுபவங்களும்தான். முதுகெலும்பை யாரும் வாங்கிக்கொள்ள மாட்டீர்கள்.

கல்மரம் கிடந்த இடம் விழுப்புரம் பக்கம், ஓர் அம்மன் கோவிலை ஒட்டி இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தக் காவலர் இன்னும் வேலையில்தான் இருக்கிறார்.

வண்டியில் வந்தவர்கள் எல்லோரும் ஒரே தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்கிற பெண்கள். வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பாதிப் பேர் கோவில்பட்டி, மீதிப் பேர் பசுவந்தனைப் பக்கம் கரிசல்காட்டுக் கிராமங்களிலிருந்து ஆபீஸ் வேனில் வருகிறவர்கள். தலைவி பேச்சியம்மாள். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவரே ஆகிவிட்டார். வீட்டு ஆண்கள் இல்லாமல் பெண்கள் மட்டும் ஒரு டூர் போவது என்று ஒரு வருஷமாக வீடுவீடாகப் போராடி, அம்மன் கோவில்களைக் காட்டிப் பேசி அனுமதி வாங்கியிருந்தார். கடைசி நாள் பாண்டிச்சேரி கடற்கரை. அந்தப் பெயரைக் கேட்டதும் ஆண்கள் தரப்பில் பெரிய மௌனம். தங்களை விட்டுவிட்டுப் பாண்டிச்சேரியா என்ற வருத்தம் அதில் தெரிந்தது.

ஆம்பளை துணை இல்லாமல் எப்படி என்று ஒருவர் கேட்டாராம். டூர் மேனேஜரும் டிரைவரும் வருகிறார்களே என்று பேச்சியம்மாள் சொல்லியிருக்கிறார். அவர்கள் ஆம்பளை இல்லையா என்று அடுத்த கேள்வி. "அவிய வேலையா வாராவ" என்று முடித்துவிட்டாராம். எங்கள் இருவரையும் இதைவிடச் சுருக்கமாக யாரும் தள்ளுபடி செய்ததில்லை.

ஆனால் ஆண்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். போன இடத்தில் ஏதாவது வம்பு, யாராவது பிடித்து வைத்தார்கள், போன் வந்தது என்றால் இதுவே கடைசி. எல்லாம் நல்லபடி முடிந்தால் அடுத்த வருஷம் மைசூர். புறப்படும்போது பேச்சியம்மாள் என்னிடம் தனியாகச் சொன்னார்: "மைசூரு உங்க கையிலதான் இருக்கு அண்ணாச்சி."

கோவில்பட்டிக்காரர்கள் வெறுங்கையோடு ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை. கல்யாணமோ, ஆஸ்பத்திரியோ, கோர்ட்டு வாய்தாவோ, கையில் கடலைமிட்டாய் இருக்கும். வழியில் உதவுகிற எவருக்கும் ஒரு பெட்டி. எதிர்க்கட்சி வக்கீலுக்குக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். இந்தப் பெண்களும் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் காதர் பாய் கடையில் ஒரு சாக்குப்பை நிறைய அட்டைப் பெட்டிகள் வாங்கினார்கள். பாய் ஒவ்வொரு பெட்டியையும் கண்ணாடித் தாளில் சுற்றிக் கொடுத்தார். பெட்டியின் மேல் ஊர் பெயர் பெரிதாக இருக்கிறது, பார்த்துக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அதை அப்போது நான் வியாபாரப் பேச்சு என்று நினைத்தேன்.

கல்மரப் பூங்கா அவர்கள் பட்டியலில் இல்லை. நான் சேர்த்தது. படித்தவனுக்கு இருக்கிற வியாதி அது. நமக்குத் தெரிந்ததை இன்னொருவர் தெரியாமல் சாகக்கூடாது என்ற பதைப்பு. மரம் எப்படிக் கல்லாகிறது என்று பஸ்ஸில் விளக்கினேன். சிலிக்கா என்ற சொல் வந்ததும் நாலு பேர் தூங்கினார்கள். உடனே மாற்றிச் சொன்னேன்: மண்ணுக்குள் புதைந்த மரத்தில் தாதுக்கள் கரைந்த தண்ணீர் இறங்குகிறது, கடலைக்கு நடுவே வெல்லப்பாகு இறங்கி உறைகிற மாதிரி, இண்டு இடுக்கெல்லாம் நிரம்பிக் கல்லாக உறைகிறது. தூங்கின நாலு பேரும் எழுந்துவிட்டார்கள். என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரே நல்ல உவமை. பின்னால் நடந்த எல்லா வினைக்கும் அதுதான் காரணம்.

இறங்கிப் பார்த்தபோது சிவந்த மண்ணில் பெரிய பெரிய அடிமரங்கள் விழுந்து கிடந்தன. பட்டை, கணு, அறுத்த முகத்தில் வளையம், எல்லாம் அப்படியே மரம். தொழில் யாரை விட்டது? தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, இதில் எத்தனை பண்டல் குச்சி எடுக்கலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். குச்சிக்கு வருகிற கேரளத்து மட்டி மரத்தைவிட நேராக இருக்கிறது என்றாள் ஒருத்தி. ஒரு குச்சிகூடப் பற்றாதே என்றாள் இன்னொருத்தி. பற்றாவிட்டால் என்ன, நம் முதலாளி அதையும் விற்றுவிடுவார் என்று மூன்றாவது குரல். அந்தச் சிரிப்பில் காவலரே ஒரு கணம் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்.

கோவில் வாசலில் பூ விற்ற அம்மா இது அம்மன் கொன்ற அரக்கனின் எலும்பு என்று சொல்லியிருந்தார். எலும்பு இல்லை, மரம் என்றேன் நான். கல்லாக இருப்பதை மரம் என்கிறவரும் எலும்பு என்கிறவரும் எங்கள் பெண்களுக்கு ஒன்றுதான். இரண்டையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

அந்த மகிழ்ச்சியான நேரத்தில்தான் நான் உட்கார்ந்தேன். காவலர் என்னை எழுப்பி, எல்லோர் முன்னாலும் காய்ச்சி எடுத்தார். இன்னொரு தடவை உங்கள் ஆட்கள் யாராவது ஏதாவது செய்தால் நேரே ஸ்டேஷன்தான் என்று எச்சரித்தார். பேச்சியம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் மைசூர் அரண்மனை ஒருமுறை ஆடி நின்றது.

புறப்படும்போது பேச்சியம்மாள்தான் அதைச் சரிக்கட்டினார். சாக்குப்பையில் கைவிட்டு ஒரு பெட்டியை எடுத்து, இரண்டு கையாலும் காவலரிடம் நீட்டினார். "கோவில்பட்டி கடலைமிட்டாய். வீட்டுல பிள்ளையளுக்குக் குடுங்க." காவலர் தயங்கி, வாங்கி, முகம் மலர்ந்து கும்பிட்டார். நாங்கள் கையசைத்துக்கொண்டே கிளம்பினோம்.

கொஞ்ச தூரம் போனதும் பஸ்ஸின் பின்வரிசையில் ஒரு விசும்பல் கேட்டது. போய்ப் பார்த்தேன். சண்முகத்தாய் என்ற பெண். பசுவந்தனைக்காரி, அதிகம் பேசாதவள், பாக்கிங் பிரிவில் கைவேகத்துக்குப் பெயர் போனவள். சாக்குப்பையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரிக்கப் பிரிக்க மிட்டாயாகவே வந்தது. ஒவ்வொரு மிட்டாய்க்கும் அழுகை கூடியது. கடலைமிட்டாயைப் பார்த்து ஒரு மனுஷி இப்படிக் கதறி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

விஷயம் மெதுவாக வெளியே வந்தது. கல்மரம் பார்க்கப் போகிறோம் என்று இவள் வீட்டில் சொன்னபோது புருஷன் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். மரம் எங்கேயாவது கல்லாகுமா, அந்த மேனேஜர் உங்களையெல்லாம் ஏமாற்றுகிறான் என்று. போட்டோ எடுத்து வருகிறேன் என்றதற்கு, செல்லில் யானையைக்கூடப் பறக்க விடுகிறார்கள், போட்டோவை யார் நம்புவது என்று பதில். அதனால் ஆதாரத்தையே எடுத்துக்கொண்டாள். பெரிய மரத்துக்கு அருகில் கிடந்த, கைக்கு அடக்கமான ஒரு துண்டு. பழுப்பு நிறம், பளபளப்பு, பார்வைக்கு என் உவமையேதான், அப்படியே கடலைமிட்டாய். காலியான மிட்டாய்ப் பெட்டி ஒன்றில் அதை வைத்து, கண்ணாடித் தாளைச் சுற்றி, தயிர்ச் சோற்றுப் பருக்கை இரண்டை வைத்து ஒட்டிவிட்டாள். வருஷக்கணக்காகத் தீப்பெட்டிக்குத் தாள் சுற்றின கை. காதர் பாயே வந்தாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. யார் கண்ணிலும் படக்கூடாதென்று அதைச் சாக்குப்பையில் மற்றப் பெட்டிகளோடு போட்டுவைத்தாள். எது என்று அவளுக்கே தெரியவில்லை.

பேச்சியம்மாள் கையில் அகப்பட்டது அந்தப் பெட்டிதான். அரசாங்கம் காப்பாற்றி வைத்திருக்கிற கல்லைத் திருடி, அதைக் காப்பவருக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு, கையும் அசைத்துவிட்டு வந்திருக்கிறோம்.

நான் முதன்முதலில் சேர்ந்த டிராவல்ஸில் ஒரு பழைய மேனேஜர் இருந்தார். எந்தக் குழப்பம் வந்தாலும் வண்டியை டீக்கடையில் நிறுத்திவிடுவார். கையில் சூடான கிளாஸ் இருக்கிறவன் அவசரமாக எதுவும் செய்ய மாட்டான் என்பது அவர் கணக்கு. நானும் அடுத்த டீக்கடையில் நிறுத்தச் சொன்னேன். இதை மட்டும் நீங்கள் மறக்காமல் செய்யுங்கள்.

டிரைவர் சுடலை கயத்தாறுக்காரர். நெடுஞ்சாலையில் வளர்ந்தவர், எதையும் வண்டியை எடுப்பதா நிறுத்துவதா என்று மட்டும் பார்ப்பார். "கல்லு அவருட்டயே போயிட்டுல்லா? அப்பம் திருட்டே இல்ல. வண்டிய எடுக்கேன்" என்றார்.

எனக்கு அது அற்புதமான வாதமாகப் பட்டது. நானும் சேர்ந்துகொண்டு, களவுபோன பொருள் உரியவரிடம் சேர்ந்துவிட்டால் குற்றத்தின் தன்மையே மாறிவிடுகிறது என்று எங்கேயோ படித்ததைச் சொன்னேன். உண்மையில் ஓடத் துடித்த என் கால்தான் பேசியது. திரும்பிப் போனால் ஸ்டேஷன், ஸ்டேஷன் என்றால் ஊருக்குப் போன், போன் என்றால் மைசூர் இல்லை. மைசூர் மட்டுமா, அந்தப் பெண்கள் இனி கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதே சந்தேகம். போகாவிட்டால் பாண்டிச்சேரி, கடல், காற்று. பெண்களில் பலரும் அந்தப் பக்கம்தான் சாய்ந்தார்கள். சண்முகத்தாயை ஆளாளுக்குத் திட்டவும் செய்தார்கள்.

பேச்சியம்மாள் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கிளாஸை வைத்தார்.

"அந்த மனுசன் வீட்டுக்குப் போயி பிள்ளையள உக்கார வச்சிப் பொட்டியப் பிரிப்பாரு. உள்ள கல்லு இருக்கும். மேல கோவில்பட்டின்னு எழுதியிருக்கும்."

சண்முகத்தாயைத் திட்டினவர்கள் பக்கம் திரும்பினார்.

"திருடிட்டோம்னா அது நம்மளோட போவும். மிட்டாய்னு சொல்லிக் கல்லக் குடுத்தா ஊரு பேரு போவும்லா. நாளைக்கு நம்ம ஊர்க்காரன் எவன் நீட்டினாலும் வாங்குவானா? வண்டியத் திருப்புங்க."

சட்டம், வரலாறு, தொல்லுயிரியல் எதுவும் செய்யாததைக் கடலைமிட்டாய் செய்தது. சுடலைகூட மறுபேச்சுப் பேசாமல் சாவியை எடுத்தார். திட்டினவர்களே சண்முகத்தாயின் கண்ணைத் துடைத்துவிட்டுப் பஸ்ஸில் ஏற்றினார்கள்.

நான் மட்டும் ஆட்டோ பிடித்துப் போய், நைசாகப் பெட்டியை மாற்றிவிட்டு வருகிறேன் என்று ஒரு யோசனை சொன்னேன். பேச்சியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டேன். அவர் செய்தது சரி. தப்பைச் சரிசெய்யத் திரும்பிப் போவதென்றால் முழு வண்டியோடு போங்கள். தனியாக ஒருவன் திரும்பி வந்தால் அவனைத் திருடன் மாதிரிதான் பார்ப்பார்கள்.

பஸ் திரும்பி வருவதைப் பார்த்ததும் காவலர் நாற்காலியிலிருந்து எழுந்து விசிலை வாயில் வைத்தார். பெட்டி அவருடைய சாப்பாட்டுப் பையின் மேல், பிரிக்காமல் இருந்தது. எனக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் புத்தி போய்விட்டது. முந்திக்கொண்டு இறங்கினேன். "ஐயா, அந்த மிட்டாய் தேதி முடிஞ்சுபோன சரக்கு. வேற பெட்டி தர்றோம்" என்றேன்.

"பரவால்ல சார், நாங்க துன்னுவோம்."

"பூச்சி வேற இருக்கலாம்."

காவலர் பெட்டியைக் கையில் எடுத்தார். காதருகில் வைத்து ஆட்டினார். கடகடவென்றது. கடலைமிட்டாய் அப்படிச் சத்தம் போடாது என்பது விழுப்புரம் பக்கத்திலும் தெரிந்திருக்கிறது. என்னை முதல்தடவை மரத்திலிருந்து எழுப்பியபோது பார்த்த அதே பார்வையைப் பார்த்தார்.

சண்முகத்தாய் என்னைத் தாண்டி முன்னால் வந்தாள். "சார், அதுல மிட்டாய் இல்ல. கல்லு. நாந்தான் எடுத்தேன். இவியளுக்கு ஒண்ணும் தெரியாது."

காவலர் பெட்டியைப் பிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. அவ்வளவு இறுக்கமாகச் சுற்றியிருந்தாள். கடைசியில் அவளிடமே கொடுத்துப் பிரிக்கச் சொன்னார். கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதற்கு எடுத்தாய் என்று கேட்டார். அவள் புருஷன் சிரித்ததையும், யானை பறப்பதையும் சொன்னாள். சொல்லும்போது இன்னும் அழுகை நிற்கவில்லை. நடுநடுவே விக்கல் வேறு.

அவர் அவளை உள்ளே கூட்டிப் போனார். எடுத்த இடத்தைக் காட்டச் சொல்லி, அங்கேயே அவள் கையாலேயே வைக்கச் சொன்னார். வைத்தாள். அவர் குனிந்து அதைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். பிறகு நிமிர்ந்து, "உன் வூட்டுக்காரர் நம்பரு குடு" என்றார்.

தீர்ந்தது என்று நினைத்தேன். பேச்சியம்மாளின் கை முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றது. ஒரு வருஷப் பாடு, வீடுவீடாக ஏறி இறங்கினது, எல்லாம் அந்த ஒரு போனில் முடியப்போகிறது. நான் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பேச்சியம்மாள் திரும்பிப் பார்த்தார். மூடிக்கொண்டேன். என் தொழில் வாழ்க்கையில் நெருக்கடியான நேரத்தில் நான் எடுத்த மிகச் சிறந்த முடிவு அதுதான். நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

காவலர் வீடியோ காலில் கூப்பிட்டார். மறுமுனையில் தலையில் துண்டு கட்டின ஒருவர். பின்னால் உழுது போட்ட கரிசல் கறுப்பாக விரிந்து கிடந்தது. காக்கிச் சட்டையைப் பார்த்ததும் தலைத்துண்டு தோளுக்கு வந்தது.

"சார், இங்க பாருங்க" என்று காவலர் போனை மரத்தின் மேல் நீளவாக்கில் கொண்டுபோனார். "இது பட்டை. இது கணு. இது வளையம். தெரியுதா? மரம். இப்போ கல்லு. இதக் காவல் காக்கத்தான் எனக்குச் சம்பளம். உங்க வீட்டம்மா சொல்றது நெசம்."

கரிசல்காட்டிலிருந்து குரல் தணிந்து வந்தது. "அது சரிங்கய்யா. யூனிபாரம் போட்ட நீங்க எதுக்குப் பேசுதிய? அங்கன எதும் பிரச்சனையா?"

காவலர் முப்பது சொச்சம் பெண்களையும் ஒருமுறை பார்த்தார். தன் இடது கையில் இருந்த காலி அட்டைப் பெட்டியைப் பார்த்தார்.

"ஒரு பிரச்சினையும் இல்ல சார்" என்றார். "மிட்டாய் குடுக்க வந்தாங்க."

குலவைச் சத்தம் எந்த மூலையிலிருந்து கிளம்பியது என்று தெரியவில்லை. அடுத்த நொடி எல்லோரும் போட்டார்கள். கோவிலுக்கு வந்த கூட்டம் வேலியோரம் ஓடிவந்து, எந்தச் சாமிக்கு என்று தெரியாமலே கன்னத்தில் போட்டுக்கொண்டது. போனில் சண்முகத்தாயின் புருஷன் என்ன சத்தம், என்ன சத்தம் என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, "பாத்தேரா? இனிமே சிரிப்பேரா?" என்று கேட்டாள். அதிகம் பேசாதவள் என்று முதலில் எழுதிவிட்டேன், திருத்திக்கொள்ளுங்கள்.

பேச்சியம்மாள் புதிதாக ஒரு பெட்டியை எடுத்து, முன்னைப்போலவே இரண்டு கையாலும் நீட்டினார். காவலர் இந்தத் தடவை பிரித்துப் பார்த்து, ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுக் கடித்த பிறகுதான் கும்பிட்டார்.

அன்று சாயங்காலம் பாண்டிச்சேரியில் அந்தப் பெண்கள் சேலையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு அலையில் நின்றதையும், சுடலையைப் பிடித்துத் தண்ணீரில் தள்ளியதையும் நான் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உட்காரவில்லை. கடற்கரையில் கிடக்கிற கல்லில் எது எவ்வளவு பழையது என்று யார் கண்டது.

ஊரில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது. சண்முகத்தாயின் புருஷன் கல்மரத்தைப் பற்றிப் பசுவந்தனை டீக்கடையில் தானே போய் வந்த மாதிரி பேசுவதாகக் கேள்வி.

அடுத்த வருஷம் பேச்சியம்மாள் மைசூருக்கு பஸ் பேச வந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அரண்மனை பற்றி இரண்டு புத்தகம் வாங்கிப் படித்துவிட்டேன், பஸ்ஸில் பேசக் குறிப்பும் எழுதி வைத்திருக்கிறேன் என்றேன். அவர் கொஞ்சம் சங்கடப்பட்டு, பஸ்ஸும் சுடலையும் மட்டும் போதும் என்றார். ஏன் என்று கேட்டேன்.

"தப்பா நெனைக்காதிய அண்ணாச்சி. உங்களுக்குப் பொய்யும் ஒழுங்காச் சொல்ல வரல, உக்காருத எடமும் தெரியல. மைசூர்ல வேற தங்கத்துல சிம்மாசனம் இருக்காம்."